மேகலா பேர்ல ஒரு வண்டி

சீ, கருமம்! கட் பண்ணிட்டேன் தம்பி, நீங்க தூங்குங்க. சத்தமாப் பேசிட்டனா? ஒண்ணுமில்ல, எவளோ ஒரு புள்ள. "தர்மலிங்கம் சாருங்களா, உங்களுக்கு ரெண்டு லட்சம் பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு சார்"ங்குது. எனக்கு! ரெண்டு லட்சம்! போன வருசம் ஒரு லட்சத்துக்கு நாயா அலஞ்சேன், ஒரு பய கொடுக்கல. இப்ப பஸ்ல போறவனக் கூப்புட்டுக் கொடுக்குறாய்ங்களாம். சரின்னு சொன்னேன்னு வைங்க, ஆதார் நம்பரக் கேக்கும், பான் நம்பரக் கேக்கும், அடுத்த நிமிசம் "சாரி சார்"ங்கும். தெரியும் எனக்கு. அருவருப்பா இருக்கு தம்பி இவிங்க பொழப்பு.

எங்க எறங்குறீங்க? தேனியா? நல்லதாப் போச்சு, நானும் தேனிதான். செக்கானூரணியே இன்னும் வரல. தூக்கந்தான் போயிருச்சுல்ல, அப்பக் கேளுங்க. கல்யாணம் ஆயிருச்சா உங்களுக்கு? ஆகலயா? அப்பக் கட்டாயம் கேக்கணும். மாமனாருகிட்ட வண்டி கேக்குற எண்ணம் இருந்தா இந்தப் பஸ்லயே எறக்கி வச்சிட்டுப் போயிருங்க.

நான் மதுரை கீழவாசல்ல லாரி பார்சல் ஆபீஸ்ல புக்கிங் கிளார்க்கு. இருபத்தி ரெண்டு வருசம். ஒரு பார்சல் மாறிப் போச்சுன்னு எவனும் என் முன்னாடி வந்து நின்னது கெடையாது. எனக்கு ஒரே பொண்ணு, மேகலா. லேப் டெக்னீசியனுக்குப் படிச்சா. தேனில ஒரு தனியார் ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ற வேலை. பதினாறாயிரம் சம்பளம். கெட்டிக்காரி தம்பி. ஊசி குத்துறதே தெரியாதும்பாய்ங்க. அவளுக்கு ஒரே ஆசை, சொந்தமா ஒரு சின்ன லேபு வைக்கணும். கூட வேலை பாக்குற நர்ஸ் புள்ள ஒண்ணு, ரெண்டு பேருமாச் சேந்து, ஆண்டிபட்டி பஜார்ல ஒரு கடையப் புடிச்சு, மிசின் வாங்கி வச்சு. இதையேதான் பேசிக்கிட்டு இருப்பா. சாப்புடுறப்பக்கூட.

அவளுக்கு மாப்பிள்ளை ஆண்டிபட்டியிலயே அமஞ்சாரு. சரண்ராஜுன்னு பேரு. சொந்தமா செல்போன் கடை. பையன் பாக்க நல்லாத்தான் இருப்பான். நிச்சயதார்த்தத்துல சம்பந்தி எந்திரிச்சு நின்னு, சபையில, எல்லாரும் கேக்குற மாதிரி, "நாங்க எதுவும் கேக்க மாட்டோம். பொண்ணுக்கு நீங்க போடுறதப் போடுங்க. பையனுக்கு மட்டும் ஒரு வண்டி"ங்குறாரு. எதுவும் கேக்க மாட்டாராம், வண்டி மட்டும் கேப்பாராம். என்ன பேச்சு இதுன்னு அங்கனயே கேட்டிருப்பேன். ஆனா சபை தம்பி. எங்க அண்ணன் தம்பிக, பங்காளிக பூராம் உக்காந்திருக்காய்ங்க. நானும் எந்திரிச்சேன். "தலை தீபாவளிக்கு மாப்ள வந்தாருன்னா வந்த பஸ்லயே திரும்ப மாட்டாரு, வண்டிலதான் போவாரு"ன்னுட்டேன். கை தட்டுனாய்ங்க.

எங்க வீட்டம்மா பின்னாடி இருந்து என் சட்டைய இழுத்தா. நான் திரும்பியே பாக்கல.

கல்யாணம் ஆவணியில முடிஞ்சது. நகை, மண்டபம், சாப்பாடு, அதுலயே நான் காலியாயிட்டேன். கையில மிச்சம் நாப்பதாயிரம். அத முன்பணமாக் கட்டி, மிச்சத்துக்குத் தவணை போட்டு எடுத்திரலாம்னு கணக்கு. நூத்தம்பது சிசி வண்டி, கருப்புக் கலரு. மாப்ள படமே அனுப்பிட்டாரு செல்லுக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, பதினோரு படம். முன்னாடி இருந்து, பின்னாடி இருந்து, மீட்டர மட்டும் தனியா.

ஷோரூமுக்குப் போனேன். ஏசி. உக்காருங்க சார்ங்குறாய்ங்க, ஜில்லுன்னு ரோஸ்மில்க் கொடுக்குறாய்ங்க. டை கட்டுன ஒரு பய, மக வயசுதான் இருக்கும், "அப்பா அப்பா"ங்குறான். "அப்பா, உங்களுக்கு அரை மணி நேரத்துல லோன் முடிச்சிருவேன்ப்பா"ங்குறான். ஆதாரக் கொடுத்தேன், பான் கார்டக் கொடுத்தேன், தட்டுறான் கம்ப்யூட்டர்ல. தட்டுறான், மூஞ்சி மாறுது. மறுபடி தட்டுறான். அப்புறம் "சார்"ங்குறான். அப்பா போயிருச்சு, சார் வந்துருச்சு! "சார், உங்க சிபில் ஐநூத்தி எட்டுதான் சார் இருக்கு. எழுநூத்தம்பதாவது இருந்தாத்தான் கம்பெனி ஒத்துக்குவாய்ங்க"ங்குறான்.

சிபில்னா எனக்கு என்ன தெரியும்? வாங்குன கடன ஒழுங்காக் கட்டுறமான்னு பாத்து நமக்கு மார்க்குப் போடுறாய்ங்களாம் தம்பி. தொள்ளாயிரத்துக்கு. நான் பத்தாங்கிளாஸ்ல வாங்குன மார்க்கே எனக்கு மறந்துபோச்சு. இவிங்க யாரு எனக்கு மார்க்குப் போட? நான் எந்தப் பரிச்சை எழுதுனேன்?

"நான் யாருகிட்டயும் கடன் வாங்குனவன் இல்ல தம்பி"ன்னேன். "ஒரு டிவி வாங்கியிருக்கீங்க சார்"ங்குறான்.

அட, அந்த டிவியா! அதக் கேளுங்க நீங்களே. ஆறு வருசத்துக்கு முன்னாடி வட்டியில்லாத் தவணைன்னு ஒரு டிவி எடுத்தேன். மாசம் ஆயிரத்தி எழுநூத்தம்பது, பன்னெண்டு மாசம். ஒம்போது மாசம் டாண்ணு கட்டுனேன். பத்தாவது மாசம் டிவில கோடு விழுந்துருச்சு. நடுவால, மேல இருந்து கீழ, பச்சைக் கோடு. செய்தி வாசிக்கிற பொண்ணு மூக்கு ரெண்டாப் பொளந்து கெடக்கு. கடைக்காரன்கிட்டப் போனா, கரண்டு ஏத்த எறக்கத்துக்கு வாரன்டி கெடையாதுங்குறான். அப்படியா, உனக்கும் பணம் கெடையாதுன்னு வந்துட்டேன். மிச்சம் மூணு மாசமும் கட்டல. இதுல என்ன தப்பு? கெட்டுப்போன பொருளுக்கு எவனாச்சும் காசு கொடுப்பானா? நீங்க கொடுப்பீங்களா?

கடைக்காரனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையாம். காசு கொடுத்தது வேற கம்பெனியாம். இவிங்க கடைக்காரனுக்கு மொத்தமாக் கொடுத்துட்டு என்கிட்ட மாசாமாசம் வாங்குறாய்ங்களாம். அது எனக்கு எதுக்கு? நான் கடைக்காரனுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தேன், அம்புட்டுதான்.

ரெண்டு வருசம் கழிச்சு ஒருத்தன் வீட்டுக்கு வந்தான், வட்டியும் அபராதமுமா ஒம்போதாயிரத்துச் சொச்சம்னு. நான் விடல. வாசல்லயே நிக்க வச்சுப் பேசுனேன். பேசிப் பேசி மூவாயிரத்தி ஐநூறுக்குக் கொண்டு வந்தேன். சும்மா கொடுக்கல, "செட்டில்மென்ட் லெட்டர் கொண்டா, அப்பத்தான் காசு"ன்னேன். கொண்டாந்து கொடுத்தான். கம்பெனி சீலு, கையெழுத்து, எல்லாம். நான் அத லாமினேசன் போட்டு வச்சிருக்கேன் தம்பி! ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டுனேன். இப்படித்தான்டா இவிங்களக் கையாளணும்னு.

அத எடுத்துட்டுப் போயி டைக்காரன்கிட்ட நீட்டுனேன், பாரு, கணக்க முடிச்சதுக்கு ஆதாரம்னு. அவன் வாங்கிப் பாத்துட்டு, பக்கத்து டேபிள்காரனுக்குக் காட்டுறான். ரெண்டு பேரும் சிரிக்கிறாய்ங்க. "சார், இதுதான் சார் பிரச்சனையே. முழுசாக் கட்டாமப் பாதிக்கு முடிச்சிருக்கீங்கன்னுல்ல இதுல இருக்கு. இந்த ஒரு லெட்டருக்குத்தான் சார் யாரும் தர மாட்டேங்குறாய்ங்க"ங்குறான். பாதிக்கு முடிச்சுக்கன்னு சொன்னது யாரு? அவிங்கதானே? முடிச்சு, சீலும் குத்திக் கொடுத்துட்டு, முதுகுக்குப் பின்னாடி போயி மார்க்கக் கொறச்சிருக்காய்ங்க. தூ! மனுசப் பயலுகளா இவிங்க?

அடுத்த கம்பெனி, அதுக்கடுத்த கம்பெனின்னு நாலு எடம் ஏறி எறங்குனேன். ஒருத்தன் வீடு சொந்தமாங்குறான். ஒருத்தன் பாதிக்கு மேல முன்பணம் கட்டு, வட்டி இருபத்தெட்டுங்குறான். ஒருத்தன் எனக்குத் தண்ணி கூடக் கொடுக்கல. தீபாவளிக்குப் பன்னெண்டு நாளு. ஆண்டிபட்டியில இருந்து சம்பந்தி ஃபோனப் போட்டு, "வண்டிக்கு நம்பர் ஃபேன்சியா எடுத்துருங்க, ஒம்போது வர்ற மாதிரி"ங்குறாரு. நான் புக் பண்ணியாச்சுன்னு சொல்லி வச்சிருந்தேன். என்ன செய்யச் சொல்றீங்க? சபையில சொன்ன வாக்கு தம்பி.

டைக்காரனே ஒரு வழி சொன்னான். மாப்ள பேர்லயே போட்டுருவம், கட்டுறது நீங்க கட்டுங்கன்னு. நல்ல யோசனைதானே? மாப்ளைக்கு ஃபோனப் போட்டேன். "அய்யோ என் பேர்ல வேணாம் மாமா. ஏற்கனவே நாலஞ்சு லோன் ஓடுது"ன்னாரு. ஒளிவு மறைவு கெடையாது பாருங்க அவருகிட்ட. தொழில் பண்றவனுக்குக் கடன் இருக்கத்தான் செய்யும். அப்பத்தான் டைக்காரன் கேட்டான், "உங்க பொண்ணு வேலைக்குப் போறாங்கள்ல சார்?"ன்னு.

எனக்கு அது வரைக்கும் தோணவே இல்ல. அவ பான் நம்பரச் சொன்னேன். தட்டுனான். எந்திரிச்சே நின்னுட்டான் தம்பி. "சார்! எழுநூத்தி எம்பத்தி ரெண்டு!" காலேஜ் படிக்கிறப்ப ஒரு கல்விக் கடன் வாங்கியிருந்தா, அதச் சம்பளம் வந்த மாசத்துல இருந்து ஒரு தேதி தவறாமக் கட்டி முடிச்சிருக்கா. அதுக்கு அம்புட்டு மார்க்கு. பெருமையா இருந்துச்சு எனக்கு. என் ரத்தம்ல. மறுபடியும் "அப்பா"ன்னான் அந்தப் பய. ரோஸ்மில்க்கும் வந்துச்சு.

மேகலாவ லீவு போட்டு வரச் சொன்னேன். வந்தா. விசயத்தச் சொன்னேன். "ஏம்ப்பா, எனக்கு நீங்க போடுற சீருக்கு நானேவா கடன் வாங்கணும்?"னு கேட்டா. என்ன கேள்வி பாருங்க! "ஏத்தா, பேருதான்டி உன் பேரு. கட்டப்போறது நான். முப்பத்தாறு மாசம், மாசம் மூவாயிரத்தி அறுநூத்தம்பது. உன்கிட்ட ஒரு பைசா கேப்பனா?"ன்னேன்.

"வேணாம்ப்பா, வண்டி இல்லைன்னு சொல்லிருவோம், நான் பேசிக்கிறேன் அவருகிட்ட"ன்னா. அதெப்படி? என் மானம் என்ன ஆகுறது? நான் கத்துனேன். ஷோரூம்னு கூடப் பாக்கல, கத்திட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாய்ங்க. அவ கண்ணு கலங்கிருச்சு. "சரிப்பா. ஒண்ணே ஒண்ணு. ஆனி மாசம் நான் லேபுக்கு பேங்க்ல லோன் போடணும். அதுக்கு இந்த ஸ்கோருதான் எனக்குச் சொத்து. ஒரு மாசங்கூடத் தவறக் கூடாதுப்பா"ன்னா. உங்க அப்பன் மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டேன். கையெழுத்துப் போட்டா. ஒம்போது எடத்துல.

தவணை போறதுக்கு, அவ காலேஜ்ல படிக்கிறப்ப ஆரம்பிச்ச பேங்க் கணக்கு ஒண்ணு மதுரையில இருந்துச்சு. பாஸ்புக்கு, ஏடிஎம் கார்டு எல்லாம் என் பீரோலதான். ஃபோன் நம்பரும் என் நம்பருதான். அதையே கொடுத்தேன். மாசம் அஞ்சாந்தேதிக்குள்ள நான் பணத்தப் போடணும், அவிங்க எடுத்துக்குவாய்ங்க. புள்ளைக்கு ஒரு தொந்தரவும் இருக்கக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சேன்.

தலை தீபாவளிக்கு மாப்ள வந்தாரு, மாலை போட்டு, சந்தனம் வச்சு, எலுமிச்சம்பழத்த நசுக்கி வண்டிய எடுத்துட்டுப் போனாரு. தெருவே பாத்துச்சு. நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு நிமிசத்துல மறந்துருச்சு தம்பி. மேகலா பின்னாடி உக்காந்து போனா. திரும்பிப் பாத்துக் கைய ஆட்டுவான்னு நின்னேன். கவனிக்கல போல.

மூணு மாசம் கட்டுனேன். கார்த்திகை, மார்கழி, தை. டாண்ணு.

இந்தத் தை மாசந்தான் எனக்கு மாப்ளயோட சாயம் வெளுத்துச்சு. பொங்கல் சீரு கொண்டு போனேன். பித்தளைப் பானை, கரும்பு, பச்சரிசி, வெல்லம், மஞ்சக் கொத்து. ஒத்தை ஆளாத் தூக்கிட்டு ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டுல எறங்குனேன். மாப்ளைக்கு ஃபோனப் போட்டேன், வந்துட்டேன் மாப்ளன்னு. வருவாருல்ல? நான் வாங்கிக் கொடுத்த வண்டி தம்பி! கருப்புக் கலரு, நூத்தம்பது சிசி! வரலையே. அரை மணி நேரம். மறுபடி போடுறேன். "ஆட்டோ புடிச்சு வந்துருங்க மாமா, கடையில ஆளு இல்ல"ங்குறான். பின்னால சிரிக்கிற சத்தம் கேக்குது, கேரம் போர்டு அடிக்கிற சத்தம் கேக்குது. கரும்பத் தூக்கிட்டு நிக்கிறேன் நானு. போறவன் வர்றவன் பூராம் "கரும்பு கட்டு என்ன வெலை?"ங்குறான். என்னைய வெயாபாரின்னு நெனச்சிட்டாய்ங்க.

ஆட்டோக்காரன் எம்பது ரூவா வாங்குனான். வாசல்ல போயி எறங்குறேன், சம்பந்தி என்னையப் பாக்கல, கரும்ப எண்ணுறாரு.

அன்னைக்கு முடிவு பண்ணேன். இவனுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கணும்னு. மாசி மாசம் பணம் போடல. வாயத் தொறந்து சண்டை போட்டா எம் பொண்ணு வாழ்க்கை கெட்டுப் போயிரும் பாருங்க. அதனால சத்தமில்லாமத் தவணைய மட்டும் நிறுத்துனேன். வண்டிக்கு ஒரு நோட்டீசு வரும், பய கொஞ்சம் பயந்து, "மாமா என்ன ஆச்சு மாமா"ன்னு நம்மகிட்ட ஓடி வருவான், அப்ப வச்சுக்குவோம்னு இருந்தேன். பங்குனியும் போடல. சித்திரை, வைகாசி. காசு இல்லாம இல்ல தம்பி! அந்தப் பணத்த மாசாமாசம் ஒரு கவர்ல போட்டு பீரோலதான் வச்சிருந்தேன். ஒரு பைசா தொடல. வீட்டம்மா கூடச் சொன்னா, "ஏங்க, மேகலா பேர்லல்ல இருக்கு"ன்னு. உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருன்னுட்டேன்.

ஃபோன் வரும். ஒரு நாளைக்கு ஏழு எட்டு. "மேகலா மேடம் இருக்காங்களா?" இல்லைன்னு வச்சிருவேன். நம்பர மாத்தி மாத்திப் போடுவாய்ங்க. ஒருத்தன் "கட்ட வக்கில்லாம எதுக்குய்யா வண்டி எடுத்தீங்க"ங்குறான். நாறப் பய. எனக்கு வக்கில்லையா? பீரோவத் தொறந்து காட்டவா?

ஆனியில மேகலா பேங்க்குக்குப் போயிருக்கா. கடைக்கு முன்பணம் முப்பதாயிரம் கொடுத்து வச்சிருக்காளாம், அந்த நர்ஸ் புள்ள ஒரு முப்பது. மிசினுக்கு ரெண்டு லட்சம் கேட்டிருக்கா. எல்லா பேப்பரையும் பாத்து, சரின்னு தலையாட்டிட்டு, கடைசில நம்பரத் தட்டியிருக்கான் மேனேஜரு. ஐநூத்தி அறுவதாம். "வண்டி லோன நாலு மாசமாக் கட்டலையேம்மா"ன்னு எந்திரிச்சுப் போயிட்டானாம்.

அங்கன இருந்தே எனக்கு ஃபோன் போட்டா. "அப்பா, வண்டிக்குக் கட்டலயா?" நான் வெவரமாச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு, கரும்பு, கேரம் போர்டு, ஆட்டோ எம்பது ரூவா, எல்லாத்தையும். நான் எம்புட்டு அசிங்கப்பட்டேன்னு அவளுக்குத் தெரியணும்ல. கடைசி வரைக்கும் கேட்டா. "பணம் இருந்துச்சாப்பா உங்ககிட்ட?"ன்னா. "இருக்குடி, பீரோல பத்திரமா இருக்கு"ன்னேன். வச்சிட்டா.

அதுக்கு மறு வாரம், சந்தை நாளு. பஜார்ல நட்ட நடுவுல, மாப்ள கடை வாசல்லயே, நாலு தடிப் பயலுக வந்து வண்டியத் தூக்கிட்டுப் போயிட்டாய்ங்க. இவரு சாவியத் தர மாட்டேன்னு உருண்டிருக்காரு, சட்டை கிழிஞ்சிருச்சாம். எனக்கு ஒரு பக்கம் சந்தோசமாத்தான் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். ஆனா அந்தப் பய என்ன பண்ணான் தெரியுமா? நேரா வீட்டுக்குப் போயி, "உங்கப்பன் கொடுத்த லட்சணத்தப் பாரு, வண்டியோட வா, இல்லைனா வராத"ன்னு எம் பொண்ண வெளிய அனுப்பிட்டான். சீ, என்ன ஈனப் பொறப்பு அது? பாடம் அவனுக்கு, தண்டனை எம் புள்ளைக்கா? அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல தம்பி.

உடனே கெளம்பி வாத்தான்னேன். நம்ம வீடு இருக்கு, பாத்துக்கலாம்னேன். வரல. கடை முன்பணத்துல அவ பங்கத் திருப்பி வாங்கி, பாக்கி, அபராதம், வண்டிய நிறுத்தி வச்ச வாடகை எல்லாத்தையும் கட்டி வண்டிய மீட்டுருக்கா. கடை வேற ஆளுக்குப் போயிருச்சு. செல்லுக்குக் கவர் விக்கிறானாம் இப்ப அங்க. மீட்ட வண்டியப் புருசன்கிட்டயாவது கொண்டு போயி விடணும்ல? அதுவும் இல்ல. "வண்டி என் பேர்ல இருக்கு, கட்டுறது நான், நானே ஓட்டிக்கிறேன்"னுட்டா. ஆஸ்பத்திரி பக்கத்துல ரெண்டு நர்சுகளோட ஒரு ரூமு எடுத்துத் தங்கியிருக்கா. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அம்மாம் பெரிய வண்டில ஒரு பொம்பளப் புள்ள தேனி பஜார்ல போகுதுன்னு எங்க ஆபீஸ் டிரைவரு பாத்துட்டு வந்து என்கிட்டயே சொல்றான். எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

கணவாய் தாண்டிட்டமா? ஆண்டிபட்டி வரப் போகுது. நான் இந்தப் பக்கம் பாக்க மாட்டேன். அந்தக் கடை ரோட்டு மேலதான் இருக்கு. பாத்தா வாந்தி வரும் எனக்கு.

கவர்ல இருந்த பணத்தக் கொண்டு வர்றேன்னு சொன்னேன். வேணாம்னுட்டா. நேத்து அவளே ஃபோன் பண்ணா. ஒரு மாசம் கழிச்சு வர்ற ஃபோனு, அப்பா எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. லிஸ்ட்டுப் போட்டுச் சொல்றா. "ஆதாரு, பான் கார்டு, அந்த பேங்க் பாஸ்புக்கு, ஏடிஎம் கார்டு, பத்தாங்கிளாஸ்ல இருந்து எல்லா மார்க் சீட்டு, பர்த் சர்டிபிகேட்டு. என் பேரு போட்ட பேப்பரு ஒண்ணுகூட உங்க பீரோல இருக்கக் கூடாதுப்பா. கொண்டாந்து ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல கொடுத்துட்டுப் போயிருங்க. நான் டூட்டில இருப்பேன், வெளிய வர முடியாது"ங்குறா. ரிசப்ஷன்ல! என்னைய, பெத்த அப்பன, பார்சல் போட்டுட்டுப் போகச் சொல்றா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "உன் பேரா? அந்தப் பேர வச்சது யாருடி? காதுல மூணு தடவ சொல்லித் தொட்டில்ல போட்டது யாரு?"ன்னு கேட்டேன். "நீங்கதான்ப்பா. அதுக்குத்தான் கேக்குறேன், திருப்பிக் கொடுங்க"ன்னா. அழுகை கூட இல்ல அவ குரல்ல. அழுதிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

ராத்திரி பூராம் தூங்கல. வீட்டம்மா பேசவே மாட்டேங்குறா. ஆனா கேட்டுட்டா, கொடுத்துத்தானே ஆகணும்? எல்லாத்தையும் எடுத்து இந்தா இந்த ஃபைல்ல வச்சிருக்கேன், பாருங்க, வரிசையா, தேதி வாரியா. யாரும் என்னையக் கொறை சொல்ல முடியாது. எம் பொண்ணு சந்தோசந்தான் எனக்கு முக்கியம். வெளிய வந்தா ஒரு வார்த்தை பேசுவேன். வராட்டிப் போயிட்டுப் போகுது.

நான் ஒண்ணும் ஏமாளி இல்ல தம்பி. எங்க ஆபீசுக்குக் கீழயே ஜெராக்ஸ் கடை. காலையில எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு காப்பி எடுத்து, பீரோல வச்சுப் பூட்டிட்டுத்தான் பஸ் ஏறுனேன். பெத்தவன்கிட்ட ஒரு செட்டு இருக்கத்தானே வேணும்? நாளைக்கு ஒரு அவசரம்னு வந்தா? டைக்காரன்கிட்டயும் விசாரிச்சிட்டேன். விடாம ஒழுங்காக் கட்டிட்டு வந்தா ரெண்டு வருசத்துல அந்த மார்க்கு பழையபடி ஏறிருமாம். அவ கட்டிருவா. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.